சிகரத்துக்குக் கீழே ஒரு விரதம்

அந்தப் பௌர்ணமியன்று நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று சொன்னேன். அதனால் என்னோடு ஒரே கயிற்றில் ஏறியவள் சிகரத்தைத் தொடாமல் இறங்கினாள். இந்த மூன்று வரியை எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் ஒரு பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் போய்விட்டது.

மலையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த வருஷம் யார் யார் போனார்கள் என்று தேடி அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இமயத்தில் ஏழாயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம், அவ்வளவு போதும்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் போடுகிற நிலம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். திருவண்ணாமலையில் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்தேன். அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என் கல்லூரி விண்ணப்பத்தில் போடுவதற்காகத்தான். இதையெல்லாம் யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுவேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

கல்லூரியிலிருந்து ஒரு மலையேற்ற முகாமுக்கு அனுப்பினார்கள். பிடித்துப்போயிற்று. இன்னொரு முகாம், பிறகு பனியில் பயிற்சி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். அங்கே தங்கவரும் வடநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசி இந்தி வந்தது. விடியற்காலையில் முதுகுப்பையில் மணலை நிரப்பிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஓடுவேன். மலையைச் சுற்றி ஓடினேனே தவிர, மலைமேல் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் மலைதான் சாமி. கார்த்திகை தீபத்துக்கு ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. மலையைச் சுற்றுவோம், கும்பிடுவோம், காலால் மிதிக்க மாட்டோம்.

பெரிய மலைக்குத் தேர்வாகிவிட்டேன் என்று சொன்னபோது அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"மலைய சுத்தணும்டி. மிதிக்கக் கூடாது."

"அது வேற மலைம்மா. வடக்க இருக்குது."

"எங்க இருந்தா இன்னா? மலை மலைதான்."

"அது பாறைம்மா. பாறையும் ஐஸும்."

"நீ படிச்சிருக்கற, உனக்குப் பாறை. நான் படிக்கல, எனக்கு சாமி. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்."

அப்பா கட்டிலிலிருந்து சொன்னார்: "ஏறிட்டு எறங்கிடப் போறா. அங்கயே குடியிருக்கவா போறா? வுடு."

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீ அந்த மலைமேல கால வெக்கிறதுக்கு நான் இந்த மலைய சுத்திடறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி. விரதமும் உனக்கும் சேத்து நானே இருந்துடறேன். நீ அங்க வேளாவேளைக்கு சாப்டு. கேக்குதா? வயித்த காயப் போடாத."

எங்கள் வீட்டு வழக்கப்படி பௌர்ணமியன்று காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான். நிலாவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சோறு. நான் கல்லூரிக்குப் போன வருஷமே அதை விட்டுவிட்டேன். விட்டுவிட்டதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

என் கயிற்றுத் தோழி இமயத்தின் அடிவாரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். அவள் வீட்டு வாசலிலேயே பனி விழும். என் வயதுதான். ஒரு பயிற்சி மையத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். ஏழாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றைத் தொட்டிருந்தால் நிரந்தரப் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காகத்தான் வந்திருந்தாள், வேறு எதற்கும் இல்லை என்று முதல் நாளே சொன்னாள். அவள் பேசியது இந்தியில். ஆனால் என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"உங்க ஊர்ல மலைய சுத்தி சுத்தி வருவீங்களாம், ஏறவே மாட்டீங்களாம். நல்ல ஆளாப் பாத்து அனுப்பியிருக்காங்கடி எனக்கு" என்று சிரித்தாள். "பாரு, சிகரத்துக்கிட்டப் போயி நீ சுத்த ஆரம்பிச்சுடப் போற."

அடிவார முகாமில் கொடிகள் கட்டிப் பூஜை செய்தார்கள். பனிக்கோடரி, பூட்ஸ் எல்லாவற்றையும் வைத்துக் கும்பிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பயத்தைக் குறைக்க மனித மனம் செய்துகொள்கிற ஏற்பாடு இது என்று தோழிக்கு விளக்கினேன். "சரிங்க, படிச்ச மேடம்" என்றாள். அன்றிலிருந்து முகாமில் எல்லோருக்கும் நான் 'படிச்ச மேடம்' ஆனேன். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

இரண்டாவது முகாமில் இருந்தபோது நடுப்பகலில் எதிர்ச்சரிவு பெயர்ந்தது. முதலில் சத்தம், பிறகு வெள்ளைப் புழுதி. கூடாரங்கள் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தன. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கால் மணி நேரத்தில் டீ போட்டு, யார் எப்படி ஓடினார்கள் என்று நடித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் அம்மாவின் முகம். மிதிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

தூக்கப்பைக்குள் படுத்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். கடைசி முகாமில் இருக்கப்போகும் நாள் பௌர்ணமி. அன்று விரதம் இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அம்மா கேட்டதில்லை, சாப்பிடு என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள். யாரும் கேட்காத ஒன்றை நானாகச் செய்தேன். செய்வதை வெளியே சொல்லவும் முடியாது. கொடிப் பூஜைக்கு விளக்கவுரை சொன்னவள் நான்.

கடைசி முகாமில் ஒருவருக்குச் செய்யவேண்டிய வேலை இரண்டுதான்: சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது. மறுநாளுக்கான பலமெல்லாம் அன்று உள்ளே போவதில் இருக்கிறது. தோழி நாள் முழுக்க அடுப்பில் பனியை உருக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கீழிருந்தே வறட்டு இருமல், அந்த உயரத்தில் எல்லோருக்கும் இருக்கிற இருமல்தான். இருமிக்கொண்டே எனக்கு சூப் நீட்டினாள். அவள் பனிக்கட்டி வெட்டியெடுக்க வெளியே போனபோது சூப்பைக் கூடாரத்துக்குப் பின்னால் ஊற்றி, மேலே பனியைத் தள்ளி மூடினேன். நூடுல்ஸை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கவிழ்த்துக் கட்டி, என் பைக்குள் ஒளித்தேன். காலிக் கிண்ணத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, மேல வந்ததும் பசிக்குதே உனக்கு!" என்று சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் நிலாவைப் பார்க்க ஜிப்பைத் திறந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. வானம் முழுக்க மேகம். நிலா எத்தனை மணிக்கு எழும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். எழுந்துவிட்டது என்பதும் தெரியும். ஆனால் கண்ணால் பார்க்காமல் சாப்பிடக் கூடாது என்பதல்லவா வழக்கம்? உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பயம் வந்து இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டேன். அதற்குள் வயிறு மூடிக்கொண்டிருந்தது. இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் வாந்தி எடுத்து, அதையும் மறைத்தேன்.

விடிவதற்கு நெடுநேரம் முன்பே கிளம்பினோம். மேகம் விலகி, நிலா தலைக்கு மேல் நின்றது. கையுறைக்குள்ளேயே கும்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: விரதம் பலித்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

முன்னால் ஒரு கயிற்றில் நான்கு பேர் போனார்கள். பின்னால் ஒரு கயிற்றில் அவளும் நானும். அவள் முன்னே, நான் பின்னே. வெயில் ஏறியபோது சிகரம் தெரிந்தது. ஊரில் பேருந்து நிறுத்தத்திலிருந்து கோபுரத்தைப் பார்ப்பதுபோல, நடந்தால் போய்விடலாம் என்று தோன்றுகிற தூரம். பத்து எட்டுக்கு ஒருமுறை நின்றுகொண்டிருந்த நான் மூன்று எட்டுக்கு ஒருமுறை நின்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். கயிறு இழுபட்டது. அவள் திரும்பி என்னிடம் இறங்கி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கால் வரல."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"நேத்து நல்லா சாப்ட்டல்ல?"

"சாப்ட்டேன்."

"எல்லாம்?"

"நீ குடுத்தது எல்லாத்தையும்."

அவள் என் பனிக்கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள். நன்றாகச் சாப்பிட்டவளுக்குக் கால் வரவில்லை என்றால் அது உயரத்தின் நோய். அதற்கு ஒரே மருந்து உடனே கீழே இறங்குவது. அவள் சரியாகத்தான் முடிவெடுத்தாள், நான் கொடுத்த தகவல் பொய். அவள் சட்டைப்பையில் வீட்டில் செய்த வெல்ல உருண்டைகள் இருந்தன. பசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டை வாயில் திணித்து, வெந்நீர் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்திருப்பாள். எழுந்திருப்பேனா என்று தெரியாது. எழுந்திருக்கலாம்.

எங்கள் கயிறு நின்றுவிட்டதைப் பார்த்து, யாருக்கு முடியவில்லை என்று தெரியாமலே, குழுவின் லீடர் கீழிருந்து வாக்கி டாக்கியில் கேட்டார்: ஒருத்தி அங்கேயே இருக்கட்டும், முடிந்தவள் முன் கயிற்றோடு சேர்ந்து போய்த் தொட்டுவிட்டு வருகிறாளா? தோழி மேலே பார்த்தாள். நான்கு பேரும் சிறு புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள்.

"ஒருத்திய உக்கார வெச்சுட்டுப் போனா ஒறஞ்சு போயிடுவா சார். ரெண்டு பேரும் எறங்குறோம்."

இறங்கும் வழி முழுக்க என்னைத் திட்டவில்லை. வேகமாக இறங்கியதிலும் வாயால் மூச்சு விட்டதிலும் அவள் இருமல் முற்றியது. கீழே வந்து ஒரு தட்டு கிச்சடி சாப்பிட்டதும் நான் தேறிவிட்டேன். அவள் மருத்துவக் கூடாரத்தில் படுத்திருந்தாள். அறிக்கை எழுத லீடர் நோட்டோடு வந்தபோது தெம்பாக உட்கார்ந்திருந்தவள் நான்.

"மேல யாருக்கு முடியாமப் போச்சு?"

"அவளுக்கு இருமல் ஜாஸ்தியா இருந்துச்சு சார்."

இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்த நேரம் இருந்தது.

ஊருக்கு வந்தேன். நான் படித்த பள்ளியில் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். "தோழியின் உயிருக்காக சிகரத்தையே விட்டுக்கொடுத்த நம் மாணவி" என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். இதை அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் நான் "கூட வந்தவளுக்கு உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, கைதட்டல் நின்ற பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்டி இருக்குது?"

"பரவால்லம்மா."

"பெத்தவங்க எவ்ளோ பயந்திருப்பாங்க. இந்தப் பௌர்ணமிக்கு அந்தப் பொண்ணு பேர்ல சுத்தறேன்னு வேண்டிக்கினேன். உடம்பு தேறணும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கும்போது தோழி போன் செய்தாள். அடுத்த பருவத்தில் அதே மலைக்கு மறுபடி ஒரு குழு போகிறது. ஐந்து பேர். பட்டியலில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை.

"உயரத்துல உடம்பு முடியாமப் போனவங்கன்னு என்னப் பத்தி எழுதியிருக்காங்களாம். எனக்கு எங்க முடியாமப் போச்சு? டாக்டர் இருமலப் பாத்துட்டுத் தப்பா எழுதிட்டார் போல." அவள் குரலில் என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. "நீதான என் கயித்துல இருந்த? மேல நான் நல்லாத்தான் இருந்தேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. இந்த வாரத்துக்குள்ள பட்டியல் முடிஞ்சுடும்."

"எழுதறேன்."

"சீக்கிரம் எழுதுடி, படிச்ச மேடம்."

அவள் நன்றாக இருந்தாள் என்று எழுதினால், பிறகு யாருக்கு முடியவில்லை என்று கேட்பார்கள். தினமும் மெயிலைத் திறந்தேன், "மதிப்பிற்குரிய" என்று எழுதினேன், மூடினேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தோம், வானிலைதான் சரியில்லை என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, மற்ற நான்கு பேரும் சிகரத்தில் நின்று படம் எடுத்திருந்தார்கள். அதையும் அழித்தேன். ஆறு நாளும் போயிற்று.

பௌர்ணமி வந்தது. அம்மாவோடு நானும் போனேன். வழக்கமான கூட்டம். அம்மா வெறுங்காலோடு, பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, உதட்டை அசைத்துக்கொண்டே நடந்தாள். வேண்டுதலில் "அந்த வடநாட்டுப் பொண்ணு" என்ற சொல் அடிக்கடி கேட்டது. செங்கம் ரோட்டில் நான் வேலை பார்த்த விடுதியைத் தாண்டியபோது என்னால் அதற்குமேல் கேட்டுக்கொண்டு வர முடியவில்லை.

"அம்மா, அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் முடியல."

"இன்னாடி சொல்ற?"

"அன்னிக்குப் பௌர்ணமி. நான் சாப்டல."

பத்தடி நடந்தாள். "சாப்டு சாப்டுன்னு அவ்ளோ சொன்னனே."

"பயந்துட்டேம்மா. மலை சரிஞ்சுது."

"பயந்தா சாமியாண்ட சொல்லு. அந்தப் பொண்ணு தலைல எதுக்குடி ஏத்துன?"

நான் அவள் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"வெக்கம். அதான? படிச்ச பொண்ணு விரதம் இருந்தான்னு சிரிப்பாங்கன்னு." பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது. "விரதத்த மறச்சு எவடி இருப்பா? நாங்க பட்டினி கெடந்தா ஊருக்கே தெரியும். இன்னிக்கு விரதம்னா வயல்ல களை வெட்டறவ கூட, நீ ஒக்காருன்னு சொல்லிட்டு நம்ம பங்கையும் சேத்து வெட்டுவா. நீ சொல்லியிருந்தா அந்தப் பொண்ணும் அதத்தான செஞ்சிருக்கும்?"

"நல்லா இருக்கற பொண்ணுக்கு உடம்பு தேறணும்னு கால் தேயத் தேய நடக்கறேன் பாரு" என்றாள் கடைசியாக. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். பாதியில் திரும்பக் கூடாது என்றுகூடச் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டி முன்னால் போய்விட்டாள். மீதி வழி முழுக்கக் கூட்டத்துக்கு நடுவே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அன்று சோறு போட்டபோதும் என் தட்டைப் பார்த்துப் போட்டாளே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எழுதினேன். சாப்பிடாததை, சாப்பிட்டேன் என்றதை, அவள் இறங்கியது எனக்காக என்பதை, இருமலைச் சொல்லித் தப்பித்ததை. என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைச் சேருங்கள் என்று முடித்து, லீடருக்கும் அவளுக்கும் ஒன்றாக அனுப்பினேன்.

லீடரின் பதில் அன்றே வந்தது. அறிக்கை திருத்தப்படும். என் இடம் ரத்து. ஆனால் காலியான இடத்துக்கு ஏற்கெனவே காத்திருந்த ஒருவரை எடுத்தாக வேண்டும், காத்திருப்போர் வரிசை நேற்று மாலை முடிவானது. அவளை மாற்று ஆளாக மட்டும்தான் சேர்க்க முடியும். ஐந்து பேரில் ஒருவர் விலகினால் அவள் ஏறலாம். இல்லையென்றால் அடிவார முகாமோடு சரி.

நேற்று மாலை நான் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தோழியிடமிருந்து மூன்று நாள் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு குரல் செய்தி. "லெட்டர் படிச்சேன். இருமல்னு சொன்னது நீன்னு நான் நினைக்கவே இல்ல. கயித்த கட்டிக்கிட்டு பொய் சொல்லக் கூடாதுன்னு உங்க காலேஜ்ல சொல்லித்தரலையா?" பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். "சரி. வெக்கறேன்." அவ்வளவுதான். நான் அனுப்பிய எதற்கும் அதற்குப் பிறகு பதில் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டு வந்துடு" என்றார். தலைமையாசிரியரோ, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பசங்க கட்டுரையே எழுதிட்டாங்க" என்றார். அடுத்த நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் நானே போய் நின்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. தட்டாமல் இருந்தது ஒருவகையில் நிம்மதியாக இருந்தது.

இப்போது அந்தக் குழு மலையில் இருக்கிறது. குழுவில் ஒருவர் அவ்வப்போது படம் போடுகிறார். அடிவார முகாமில், கூட்டமாக நிற்பவர்களுக்கு ஓரத்தில், டீக் கெண்டியோடு அவள் நிற்கிறாள். மற்ற ஐந்து பேர் மேலே போய் வந்து பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று அம்மா தானாக வந்து பேசினாள். "நாளைக்குப் பௌர்ணமி. அந்தப் பொண்ணு பேர்ல சுத்தறேன். இந்த வாட்டி சரியா சொல்லு, இன்னான்னு வேண்டிக்கணும்?"

"அவ மேல ஏறணும்னு வேண்டிக்கோம்மா."

"ஏறுவா இல்ல?"

"அஞ்சு பேர்ல ஒருத்தர் ஏற முடியாமப் போனாத்தான் அவ ஏறலாம்."

அம்மா என்னையே பார்த்தாள். "அப்ப எவங்க வீட்டுப் புள்ளைக்கோ முடியாமப் போவணும். அத எப்டிடி நான் சாமியாண்ட கேக்கறது?"

 நானோ ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் போனை எடுத்து அந்த ஐந்து முகங்களையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். யாருக்குக் கண் வீங்கியிருக்கிறது, யார் சோர்ந்து தெரிகிறார், யார் மற்றவர்மேல் சாய்ந்து நிற்கிறார் என்று தேடுகிறேன்.